யார் வீட்டுக் கொசு?

சின்னதாக ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. அதில் இருப்பது நீங்கள் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர். அதை எட்டு நாள் வைத்திருப்பீர்கள், பத்து நாள் வைத்திருப்பீர்கள். இதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வந்தது?

'அதானே, அவருக்கு என்ன வந்தது?' என்றுதான் கேட்கத் தோன்றும். வரக்கூடியது டெங்கு.

ஏடிஸ் எஜிப்தி என்று ஒரு கொசு. உடம்பிலும் காலிலும் வெள்ளை வரி போட்டிருக்கும். சாக்கடையை அதிகம் நாடாது. நம்மைப்போலவே அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர்... எதுவானாலும் சரி. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். முட்டை புழுவாகி, புழு கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பறந்தாலும் வெகுதூரம் போகாது. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் ஆயுசு முடிந்துவிடும். கடிப்பது பகலில்.

சில நூறு மீட்டர் என்றால் உங்கள் தெரு. உங்கள் டிரம்மில் பிறந்த கொசு உங்களைக் கடிக்கலாம். நாலு வீடு தள்ளி, தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் கடிக்கலாம். அது பட்டா நம்பர் பார்த்துப் பறப்பதில்லை.

தனிமனித சுதந்திரம் பற்றிப் பேசும்போது ஓர் உதாரணம் சொல்வார்கள். கைத்தடியைச் சுழற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால், அந்த உரிமை அடுத்தவன் மூக்கு நுனியோடு முடிந்துவிடுகிறது என்று. இங்கிலாந்துக்காரர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் ஒரு புத்தகமே எழுதி நிலைநாட்டிய கருத்து இதுதான்: அடுத்தவருக்குக் கேடு வராதவரை உன் விஷயத்தில் யாரும் தலையிடக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கைத்தடி விஷயத்தில் மூக்கு எதிரிலேயே தெரியும். கொசு விஷயத்தில் மூக்கு யாருடையது, எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தடியைச் சுழற்றியவருக்கே, தான் சுழற்றியது தெரியாது!

இந்தச் சிக்கலை நேரில் பார்க்க வேண்டுமென்றால் தேனிப் பக்கம் போய் வாருங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் திராட்சைப் பந்தலும் ஏலக்காய் வாசனையும் பென்னி குயிக்கும் நினைவுக்கு வருவார்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை, 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட இடம். லோயர் கேம்ப்பில் இறங்குகிற தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வயல்களை நனைத்துக்கொண்டு போய் வைகையில் சேருகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சி!

ஆனால் ஆறு ஓடுவது வேறு, அடுப்படியில் குழாய் ஓடுவது வேறு. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களைப்போல இங்கேயும் குழாய்த் தண்ணீருக்கு முறை உண்டு. முறை இருக்கிற இடத்தில் டிரம் இருக்கும். டிரம் இருக்கிற இடத்தில் கொசு இருக்கும்.

அந்தப் பள்ளத்தாக்கின் காலைப் பொழுதும் தனி. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து நின்றுவிடும். ஆட்களை அடைத்து ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஏறும். வேலைக்குப் போனவர்கள் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். பகலில் வீட்டில் இருப்பது பாட்டியும் கைக்குழந்தையும். அல்லது பூட்டு. பகலில் கடிக்கிற கொசுவுக்கு இது வசதி. பகலில் வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கிற சுகாதாரப் பணியாளருக்கு இதுதான் தலைவலி.

இந்தப் பணியாளர்களைச் செய்தித்தாள்களில் 'மஸ்தூர்' என்று எழுதுவார்கள். பெரும்பாலும் பெண்கள். தினக்கூலி. கையில் டார்ச் லைட், அபேட் மருந்து, ஒரு நோட்டு. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரத்துக்கென்று 1939-ல் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. அதற்கும் முன்னால், 1922-லேயே, தனித் துறை தொடங்கியாயிற்று. நூறு வருஷம் தாண்டிய அந்தப் பெரிய துறை உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, இந்த டார்ச் லைட் பெண்ணின் உருவத்தில்தான் வருகிறது.

பள்ளத்தாக்கில் ஒரு தெருவில் கேட்ட பேச்சு இது:

"அக்கா, டிரம்முல புழு நெளியுது பாருங்க. கொட்டிட்டு, தேய்ச்சுக் கழுவணும்."

"ஏத்தா, கொட்டுங்கிறியே... நாளைக்குத் தண்ணி விடுவாகளா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியாது. அதனாலதேன் பிடிச்சு வச்சிருக்கேன்."

டார்ச் லைட் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்லயும் இதே கதைதேன்க்கா."

யார் சொல்வது நியாயம்? கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு இருவர் பக்கமும் தலையாட்டத்தான் தோன்றியது. ஆனால் பத்தி எழுதுகிறவன் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட முடியாது. யோசித்துத்தான் ஆக வேண்டும்.

அரசாங்கத்தின் பக்கத்தை முதலில் பார்ப்போம். 2012-ல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு. 66 பேர் இறந்தார்கள். கடையநல்லூர் வட்டாரம் அப்போது பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். 2017-ல் 23,294 பேருக்கு நோய், இறந்தவர்கள் 65. இவை அரசுக் கணக்கு. இந்த நோயை விரட்டித் தீர்க்கிற மாத்திரை எதுவும் கிடையாது. கொசு பிறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கையில் இருக்கும் முதல் வழி. கொசு பிறப்பது வீட்டுக்குள்ளே. அப்படியானால் வீட்டுக்குள் வந்து பார்க்காமல் என்ன செய்வது? சொல்லிக் கேட்காவிட்டால் அபராதம் போடாமல் என்ன செய்வது? 2017-ல் பல ஊர்களில் நோட்டீஸும் அபராதமும் பறந்தது இப்படித்தான்.

இப்போது டிரம்காரம்மாவின் பக்கம். தண்ணீரைத் தேக்கி வைப்பது அவர் பொழுதுபோக்கு இல்லை. குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் அவர் வீட்டில் டிரம்மே இருக்காது. அந்த இடத்தில் ஒரு பீரோ போடுவார். தண்ணீர் விடாதவர்களே வந்து, 'ஏன் தேக்கினாய்?' என்று கேட்டால் கோபம் வராதா? போதாததற்கு, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பறிமுதல் செய்த வண்டிகள் மழைத் தண்ணீரோடு நிற்கின்றன. அரசு அலுவலக மொட்டை மாடியில் உடைந்த தொட்டி கிடக்கிறது. அவற்றுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, பார்க்க வருகிறவர்கள் தாயிடம் கேட்கிற முதல் கேள்வி: "வீட்ல தண்ணி எதுவும் தேங்கியிருந்துச்சா?" குழந்தையைக் கொசு பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம். பால்வாடியில் கடித்திருக்கலாம். மாமா வீட்டில் கடித்திருக்கலாம். எந்தக் கொசு என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. டெங்கு வைரஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் காய்ச்சல் என்று தெரிகிற அளவுக்கு நோய் வருகிறது. மற்றவர்கள் தங்களுக்குள் கிருமி இருப்பது தெரியாமலே நடமாடுவார்கள். அவர்களைக் கடிக்கிற கொசுவும் அதை வாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட நோயில் ஒரு தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? நல்லதுக்குச் சொன்ன அறிவுரை, கெட்டது நடந்த பிறகு குற்றப் பத்திரிகையாக மாறிவிடுகிறது.

சரி, அப்படியென்றால் டிரம்காரம்மாவுக்குப் பொறுப்பே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடலாமா?

இங்கேதான் நான் படித்த பி.காம். கொஞ்சம் உதவிக்கு வருகிறது. பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். முருகன் உங்களுக்கு ஆயிரம் ரூபாய் தர வேண்டும். நீங்கள் கந்தனுக்கு ஆயிரம் ரூபாய் தர வேண்டும். 'முருகன் எனக்குத் தரவில்லை, அதனால் கந்தா, உன் கணக்கு நேராகிவிட்டது' என்று சொல்ல முடியுமா? முதல் வருஷ மாணவன்கூடச் சிரிப்பான். முருகன் பக்கம் வேறு, கந்தன் பக்கம் வேறு. ஒன்றின் பாக்கியை இன்னொன்றில் கழிக்க முடியாது.

டிரம் விஷயத்தில் நாம் செய்வது இந்தத் தப்பான கணக்குத்தான். நகராட்சி நமக்குத் தண்ணீர் தர வேண்டும். அது ஒரு பாக்கி. நாம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது வேறொரு பாக்கி. நகராட்சியோடு நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். அந்த வழக்கில் பக்கத்து வீட்டுக் குழந்தை பிரதிவாதி இல்லையே!

இதே கணக்கை அரசாங்கத்துக்கும் படித்துக் காட்ட வேண்டும். 'மக்கள் தொட்டியைக் கழுவவில்லை' என்று சொல்லித் தன் பக்கத்துப் பாக்கியை அது கழித்துக்கொள்ள முடியாது. என் டிரம்மில் நெளிகிற புழு, குழாயில் வராத தண்ணீருக்கு ரசீது ஆகாது.

சரி, அவரவர் பாக்கியை அவரவர் தீர்த்தால் என்ன ஆகும்? இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. டெங்குவைப் பரப்புகிற இதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. கொசுதான் காரணம் என்று கியூபாவின் டாக்டர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொன்னபோது யாரும் நம்பவில்லை. 1900-ல் வால்டர் ரீட் குழு அதை நிரூபித்தது. உடனே ஹவானா நகரில் வில்லியம் கோர்கஸ் என்ற ராணுவ டாக்டர், வீடு வீடாக ஆள் அனுப்பித் தண்ணீர்ப் பாத்திரங்களைச் சோதித்தார். புழு இருந்தால் அபராதம். 1901-ல் அந்த நகரத்தை விட்டு மஞ்சள் காய்ச்சல் ஓடியது. 'பார்த்தீர்களா, அபராதம்தான் வழி' என்று கட்சி கட்டுகிறவர்கள் இங்கேயே கதையை நிறுத்திவிடுவார்கள்.

கதை இன்னும் இருக்கிறது. அதே கோர்கஸ் அடுத்து பனாமா கால்வாய் வேலைக்குப் போனார். அங்கேயும் மக்கள் மழைத் தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்து வைத்துத்தான் பிழைத்தார்கள். அங்கேயும் வீடு வீடாகச் சோதனை நடந்தது. கூடவே, பனாமா நகரத்துக்கு 1905-ல் குழாய்த் தண்ணீர் வந்தது. குழாய் வந்ததும் பீப்பாய்க்கு வேலை போயிற்று. அந்த வருஷக் கடைசியோடு நகரத்தில் மஞ்சள் காய்ச்சலும் முடிந்தது. கொசுவைப் பிடிக்கத் தெரிந்த டாக்டருக்குக் குழாய் போடவும் ஆள் கிடைத்தார்கள் என்பதுதான் விசேஷம்.

சிங்கப்பூரில் புழு இருந்தால் அபராதம் தீட்டிவிடுகிறார்களே என்று உறவினர்கள் வந்து பெருமையாகச் சொல்வார்கள். வாஸ்தவம். 1968-லேயே அதற்குச் சட்டம் போட்ட ஊர். ஆனால் அங்கே குழாயைத் திருகினால் எந்நேரமும் தண்ணீர் வரும். டிரம் வைக்க வேண்டிய அவசியமே இல்லாதவனிடம் போடுகிற அபராதமும், வேறு வழியில்லாமல் டிரம் வைத்தவளிடம் போடுகிற அபராதமும் ஒன்றாகுமா? தொகை ஒன்றாக இருந்தாலும் நியாயம் ஒன்றில்லை.

இங்கே உங்கள் பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு சம்ப் உண்டு, மோட்டார் உண்டு, மேலே தொட்டியும் உண்டு. தொட்டிக்கு மூடி உண்டா? கடைசியாக மொட்டை மாடிக்கு எப்போது ஏறினீர்கள்? ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டு ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்ததுண்டா? ஏர் கூலர், மணி பிளான்ட் பாட்டில், அதிர்ஷ்டத்துக்காகக் கண்ணாடி ஜாடியில் வைத்த மூங்கில், பாதியில் நிற்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சிமென்ட் தொட்டி... இவற்றையெல்லாம் எந்தத் தண்ணீர்ப் பஞ்சம் நம்மை வைக்கச் சொன்னது? கம்பத்து டிரம்முக்காவது ஒரு காரணம் இருக்கிறது. நம் மணி பிளான்ட்டுக்கு என்ன காரணம்? யாரால் சுலபமாக முடியுமோ, அவர் மீதுதான் பொறுப்பும் அதிகம். நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் அதைக் குடிசையிலிருந்து ஆரம்பிக்காமல் கட்டடக்காரர்களிடமிருந்து ஆரம்பித்தால், பேச்சுக்கும் ஒரு மரியாதை இருக்கும்.

இன்னொரு தடங்கலும் உண்டு. ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1981-ல் எழுதிய விஷயம் அது. வருமுன் காக்கும் காரியங்கள் ஊருக்குப் பெரிய லாபம் தரும். ஆனால் தனி ஆளுக்கு அந்த லாபம் கண்ணில் படாது. நீங்கள் வருஷம் பூராவும் தொட்டியைத் தேய்க்கிறீர்கள். உங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை. எந்தக் குழந்தை? தெரியாது. அது உங்களுக்கு வந்து நன்றி சொல்லுமா? சொல்லாது, தான் தப்பித்ததே அதற்குத் தெரியாது. செலவு உங்கள் பேரில் எழுதப்படுகிறது, வரவு ஊர் பேரில் எழுதப்படுகிறது. நன்றி வராது என்று தெரிந்தே செய்ய வேண்டிய வேலை இது. அந்த வகையில் ஓர் உயிரைக் காப்பாற்றுவதைவிட இது கடினம். காப்பாற்றினால் பேப்பரில் போட்டோ வரும்.

அந்தத் தெருப் பேச்சு எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. டார்ச் லைட் பெண் 'கொட்டு' என்ற வார்த்தையை விட்டுவிட்டார். பழைய வேட்டித் துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, குடத்து வாயில் கட்டினார். டிரம் தண்ணீரை அதில் வடிகட்டிக் குடங்களிலும் அண்டாவிலும் ஊற்றினார்கள். புழு துணியில் தங்கியது. காலி டிரம்மின் உள்சுவரை இருவருமாகத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். முட்டை ஒட்டியிருப்பது சுவரில். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தேய்ப்பதுதான் முக்கியம். பிறகு அதே தண்ணீர், அதே டிரம், மேலே இழுத்துக் கட்டிய துணி. போனது அரைக் குடம் தண்ணீர்கூட இருக்காது.

அறிவுரை சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'கொட்டு' என்பது குழாயில் தண்ணீர் வருகிறவர்களுக்கான அறிவுரை. 'வடிகட்டு' என்பது எதிரே நிற்கிறவரின் வீட்டைப் பார்த்த பிறகு சொல்லும் அறிவுரை. தன் வீட்டிலும் அதே டிரம் இருந்ததால் அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது.

காய்ச்சலுக்கும் இதே கதைதான். 'உடனே டாக்டரைப் பாருங்கள்' என்று போஸ்டர் சொல்லும். கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூடலூரிலிருந்து அது 50 கிலோமீட்டருக்கு மேல். தோட்டக் கூலிக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. அதனால்தான் பக்கத்துக் கடையில் ஒரு மாத்திரை, 'ஒரு ஊசி போட்டு விடுங்க' என்று ஒரு கெஞ்சல். அதனால் எல்லாவற்றுக்கும் கானாவிலக்குக்கு ஓடச் சொல்லாமல், வீட்டிலும் பக்கத்திலும் முடிகிறதைச் சொல்கிறேன். டெங்கு சந்தேகம் இருந்தால் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நிறைய நீர் ஆகாரம் கொடுங்கள். முக்கியமாக, மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கியதும் 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஆபத்து வருவது பெரும்பாலும் அப்போதுதான். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது... இதில் எது தெரிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ அப்போதே கிளம்புங்கள். வண்டிக்கு 108.

'எல்லாம் சரி, நான் மட்டும் தேய்த்து என்ன ஆகப்போகிறது, தெருவே தேய்க்கவில்லையே' என்பவர்களுக்கு: தெரு என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் தெரு.

யார் வீட்டுக் கொசு என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் யாரையும் குற்றவாளி ஆக்கவும் முடியாது. யாரும் 'என்னுடையது இல்லை' என்று கை கழுவவும் முடியாது. நடந்து முடிந்ததற்குத் தண்டிப்பதற்கு ஆள் தேடுவதைவிட, நடக்கப்போவதைத் தடுக்க ஆள் தேடுவது புத்திசாலித்தனம். அந்த ஆளை நம் வீட்டுக்குள்ளேயே தேடலாம்.

வழி சுலபம். ஞாயிற்றுக்கிழமை டிரம்மைத் தேயுங்கள். தண்ணீர் ஒழுங்காக வரவில்லையென்றால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் மனு கொடுங்கள். ஒன்றைச் செய்துவிட்டேன் என்று இன்னொன்றை விட்டுவிடாதீர்கள்.